வாத்துக் கூப்பிடுகிற வேலை

1

மே மாதத்தின் முதல் சனிக்கிழமை வந்துவிட்டால் ஒக்லாந்தில் பாதி ஆண்களைக் காணக் கிடைக்காது. வாத்துச் சுடப் போய்விடுவார்கள். அன்றைக்குத்தான் வேட்டைக்காலம் திறக்கிறது. மடு மாதா கோயில் திருவிழாவுக்கு எங்கள் ஊர் மன்னார் காலியாவதைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒடாஹுஹுவில் நான் வேலை செய்யும் பட்டறையில் வெள்ளிக்கிழமை மத்தியானமே ஒருவரும் இயந்திரத்தைப் பார்க்கமாட்டார்கள். வானத்தைத்தான் பார்ப்பார்கள். காற்று எந்தப் பக்கம், மழை வருமா, இதுதான் கதை.

இந்தச் சனிக்கிழமையோடு நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடம். என் மனைவி பிலோமினாவுக்கு அன்று கோயிலில் ஒரு பூசை கொடுக்கவேண்டும் என்று ஆசை. அதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்துவிட்டு நான் வாத்துக் கூப்பிடப் போய்விட்டேன்.

சுடுவதற்கு அல்ல, கூப்பிடுவதற்கு. ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள், இவனுக்கு வெளிநாட்டில் மூளை கழன்றுவிட்டது என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

பட்டறையில் பத்து மணித் தேநீர் நேரத்துக்கு ஸ்மோகோ என்று பெயர். மூன்று வருடத்துக்கு முன்னர் ஒரு ஸ்மோகோவில், என்னோடு கடைசல் இயந்திரத்தில் நிற்கும் கெவின் ஒரு சின்ன மரக்குழலை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தான். வாத்தைக் கூப்பிடுகிற குழல். அதிலிருந்து எண்ணெய் காணாத கதவுச் சத்தம்தான் வந்தது. எல்லோரும் காதைப் பொத்தினார்கள். நான் அதுவரைக்கும் அந்த அறையில் மூலையிலிருந்து சாப்பிட்டுவிட்டு எழும்புகிற ஆள். என்னுடைய ஆங்கிலத்துக்கு அவர்கள் "என்ன?" என்று இரண்டு தரம் கேட்பார்கள், மூன்றாம் தரம் சிரித்துச் சமாளிப்பார்கள். அதனால் நானும் கதைப்பதைக் குறைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை. இரண்டு கைகளையும் குவித்து வாயில் வைத்து, ஒடாஹுஹுக் கால்வாயில் தினமும் கேட்கிற பெட்டை வாத்தின் சத்தத்தை அப்படியே எடுத்துவிட்டேன்.

கெவின் குழலை மேசையில் வைத்தான்.

"மேட், இன்னொரு தரம் செய்."

செய்தேன். ஏழு வருடத்தில் அந்த அறையில் என்னை ஒருவரும் "என்ன?" என்று திருப்பிக் கேட்காமல் விளங்கிக்கொண்ட முதலாவது பேச்சு அது. அந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு மே மாதமும் என்னையும் கூட்டிக்கொண்டு போகிறான்.

2

இந்த வருடத்து மே மாதத்தைப் பற்றி எழுதுவதற்கு முன் என் மகளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பெயர் மெற்றில்டா. நாங்கள் மெற்றி என்போம். சினேகிதிகளுக்கு டில்லி. அவர்கள் அப்படிக் கூப்பிடும்போது ஒரு நாட்டின் தலைநகரத்தையே வீட்டுக்குள் அழைப்பதுபோல எனக்கு இருக்கும். பத்து வயதில் இங்கே வந்தாள், இப்போது இருபது. நியூ லின்னில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பகுதியில் வேலை.

போன பெப்ரவரியில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், உப்பைத் தாங்கோ என்று கேட்பதுபோலச் சொன்னாள்: "டாட், நான் ஃப்ளாற்றிங் போகப்போறன்."

இந்த நாட்டுக்காரருக்கு அது சாதாரணம். பதினெட்டு, இருபது வயதானால் பிள்ளைகள் வீட்டை விட்டுப்போய், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருப்பார்கள். சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. தாய்மாரே பழைய சட்டி பானை கொடுத்துச் சிரித்துக்கொண்டு அனுப்புவார்கள். எங்களுக்கு அப்படியா? கலியாணம் கட்டாத பெண்பிள்ளை வீட்டை விட்டுப் போகிறதென்றால் ஊரில் அதற்கு ஒரே ஒரு கருத்துத்தான்.

"ஏன் பிள்ளை? இஞ்சை உனக்கு என்ன குறை?" என்று பிலோமினா கேட்டாள்.

"நத்திங், மம். இற்ஸ் ஜஸ்ற் டைம்."

நேரம் வந்துவிட்டதாம். யாருக்கு வந்தது என்று நான் கேட்கவில்லை. அவளுடைய கட்டிலைக் கழற்றிக் கெவினுடைய இழுவைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டுபோய் நியூ லின்னில் பூட்டிக் கொடுத்தது நான்தான். ஒரு மரையாணி மிச்சமாய்ப் போயிற்று. அதைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

முதல் மாதம் ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். அவள் வந்தால் நாங்கள் இருவரும் என்ன பாடுபட்டோம் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. கார்க் கதவு திறக்க முன்னமே பிலோமினா வாசலில் நிற்பாள். மெலிந்துபோனாய், கறுத்துப்போனாய், அந்தப் பிள்ளைகள் ஒழுங்கானவர்களா, இரவு எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறாய், அறை அப்படியே இருக்கிறது, எப்போது வரப்போகிறாய். ஒரு கேள்விக்கு அவள் வாயெடுக்க முன் அடுத்தது. நான் என் பங்குக்கு அவளுடைய காரின் ரயர்களை உதைத்துப் பார்ப்பேன். பிறகு இரண்டு கிழமைக்கு ஒருதரம் ஆயிற்று. பிறகு ரெலிபோன்.

மார்ச்சில் வீட்டுக் காப்புறுதியைப் புதுப்பிக்கப் போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த பெண் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். கூரை என்ன, அடுப்பு என்ன, வீட்டில் எத்தனை பேர்?

"இரண்டு," என்றேன் நான்.

"மூன்று," என்றாள் பிலோமினா.

அந்தப் பெண் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "எதைப் போடட்டும், லவ்?" என்று பிலோமினாவிடம்தான் கேட்டாள். பிலோமினா தன் கைப்பையைத் திறந்து அதற்குள் எதையோ தேடத் தொடங்கினாள். நான் இரண்டைப் போடச் சொன்னேன்.

3

பறவையைக் கூப்பிட்டுப் பிடிப்பது எனக்கு இங்கே வந்து பழகியதல்ல. மன்னாரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த பற்றைக்காட்டில் கௌதாரி பிடிக்கிறவர்கள் வருவார்கள். ஒரு கூண்டுக்குள் பழக்கிய சேவல் கௌதாரி ஒன்று இருக்கும். அதற்குப் பார்வை என்று பெயர். கூண்டை நிலத்தில் வைத்துச் சுற்றிவரக் கண்ணி கட்டிவிட்டு ஆட்கள் மறைந்துகொள்வார்கள். பார்வை தன்பாட்டில் கத்தும். என்னுடைய இடத்துக்குள் இவன் யார் என்று காட்டுச் சேவல் கோபத்தோடு ஓடிவந்து கண்ணிக்குள் காலை வைக்கும். பள்ளிக்கூட ஜன்னலோரம் இருந்த நாங்கள் பார்வையைப்போலக் கத்திக் கத்தி அந்த மனிதர்களிடம் ஏச்சு வாங்குவோம். கணக்கு வாத்தியாரிடம் வாங்கியது வேறு.

இங்கே கூண்டும் இல்லை, கண்ணியும் இல்லை. பிளாஸ்ரிக் வாத்துகள். தகனினியைத் தாண்டினால் குதிரைப் பண்ணைகளும் மரக்கறித் தோட்டங்களும் வரும். அங்கே கெவினுடைய மாமனாரின் நிலத்தில் ஒரு குளம். அதன் கரையில் மரச் சட்டத்தில் புல்லும் நாணலும் வைத்துக் கட்டிய ஒரு மறைவுக் குடில். அதை மைமை என்கிறார்கள். மைமைக்கு முன்னால் தண்ணீரில் பொம்மை வாத்துகளை ஈயக்குண்டு கட்டிய நூலில் மிதக்க விடுவோம். ஒரு கூட்டம் நிம்மதியாய் மேய்கிறதுபோல இருக்கவேண்டும். நடுவில் கொஞ்சம் தண்ணீரைச் சும்மா விடவேண்டும். வருகிற வாத்து இறங்குவதற்கு அதுதான் இடம்.

முதல் வருடம் நான் ஒரு பெரிய பிழை விட்டேன். தூரத்தில் ஒரு கூட்டம் தெரிந்தவுடன் கூப்பிடத் தொடங்கினேன். அவை திரும்பின. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். எங்கள் ஊர் வழக்கம் தெரியும்தானே, விருந்தாளி படலையைத் திறந்துகொண்டு வரும்போதும் வாங்கோ, முற்றத்தில் நிற்கும்போதும் வாங்கோ, கதிரையில் இருந்த பிறகும் வாங்கோ வாங்கோ. நான் அதையே வாத்துக்கும் செய்தேன். பத்துப் பதினைந்து வாத்து, எங்கள் தலைக்கு மேலே வரைக்கும் வந்து, அப்படியே கிளம்பி மேலே போய்விட்டன.

கெவின் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"அது வந்துகொண்டிருந்தது, மேட். வருகிறதை ஏன் கூப்பிடுகிறாய்? முதுகைக் காட்டிக்கொண்டு போனால் கூப்பிடு. முகத்தைக் காட்டினால் வாயை மூடு."

அவன் வேலையில் இரண்டு வசனத்துக்கு மேல் பேசாத ஆள். அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்டேன். எத்தனை விதமான கூப்பிடுதல் இருக்கிறது தெரியுமா? தூரத்தில் போகிறவற்றுக்கு ஒன்று. சாப்பாடு இருக்கிறது என்று சொல்கிற கிசுகிசுப்பு ஒன்று. எல்லாவற்றிலும் வலியது, கூட்டத்தைவிட்டுப் பிரிந்துபோன ஒற்றைப் பெட்டை வாத்தின் சத்தம். இடைவெளி விட்டு விட்டுக் கத்தும். ஒருதரம். பொறுக்கும். இன்னொருதரம். மற்ற எதற்கும் அசையாத வாத்து அதற்குத் திரும்பும்.

இன்னொரு விசயம். ஆண் வாத்தால் அப்படிக் கத்த முடியாது. அதற்குத் தொண்டை கட்டிய சத்தம்தான். ஊரைக் கூட்டுகிற குரல் பெட்டைக்குத்தான். ஆகவே மே மாதம் முழுக்க இந்த நாட்டின் மீசை வைத்த ஆண்கள் அத்தனை பேரும் பற்றைக்குள் குந்தியிருந்து பெண் குரலில் அழுதுகொண்டிருக்கிறார்கள். இதைப் பிலோமினாவுக்குச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு இப்போதும் நினைவிருக்கிறது. அது மெற்றி வீட்டிலிருந்த காலம்.

4

இந்தச் சனிக்கிழமை வெள்ளாப்பிலேயே மைமைக்குள் இருந்தோம். கெவின், அவனுடைய கறுப்பு நாய், நான். நல்ல காற்று. காலை முழுக்கச் சுற்றவரப் பண்ணைகளில் வெடிச்சத்தம். ஊரிலிருந்து வருகிற சண்டைச் செய்திகளைக் கேட்டுக்கொண்டிருக்கிற நான் ஒவ்வொரு வருடமும் முதல் வெடிக்குத் தலையைக் குனிந்துவிடுவேன். இவர்களுக்கு அது பண்டிகை.

எட்டு மணிக்குப் பிறகு வானம் வெறுமையாகிவிட்டது. கெவின் சுடச்சுடத் தேநீர்ச் சாயத்தண்ணியை ஊற்றி எனக்குத் தந்தான். அப்போதுதான் ஒற்றை வாத்து ஒன்று வந்தது. உயரத்தில் வந்து, குளத்தைச் சுற்றியது. பொம்மைகளைப் பார்த்தது. இன்னொரு சுற்று. நாங்கள் முகத்தைக் குனிந்துகொண்டோம், மேலே பார்த்தால் முகம் பளிச்சென்று தெரிந்துவிடும். இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதற்கு என்ன சந்தேகமோ, தெற்கே திரும்பிப் போகத் தொடங்கியது.

முதுகு தெரிந்தது. நான் கூப்பிட்டேன்.

பிரிந்துபோன பெட்டையின் சத்தம்தான். ஆனால் எப்போதும் நான் அதை ஒரு வித்தையாகத்தான் செய்வேன், பள்ளிக்கூட ஜன்னலோரத்துக் குறும்பு மாதிரி. அன்றைக்கு அப்படி வரவில்லை. கூப்பிட்டுவிட்டுப் பொறுத்தேன். அது போய்க்கொண்டேயிருந்தது. இன்னொரு தரம் கூப்பிட்டேன். நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. எனக்கே கேட்கக் கூச்சமாக இருந்தது. பக்கத்தில் கெவின் அசையாமல் என்னைப் பார்ப்பது தெரிந்தது.

வாத்து திரும்பியது. சுற்றவேயில்லை. நேராக வந்தது. சிறகுகளை வளைத்து, செம்மஞ்சள் கால்கள் இரண்டையும் முன்னால் நீட்டி, நாங்கள் விட்டுவைத்த அந்த வெறுந்தண்ணீரில் இறங்க வந்தது. அவ்வளவு நம்பிக்கையோடு ஒரு உயிர் என்னிடம் வந்து எத்தனை காலம்! நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கெவின் எழும்பிச் சுட்டான்.

நாய் அதைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தது. கெவின் அதனிடம் "எனக்குத் தா" என்றான். கேட்கவில்லை. கூப்பிட்ட ஆளிடம்தான் கொண்டுவரவேண்டும் என்று நினைத்ததோ என்னவோ. நான் தூக்கினேன். கழுத்துக்குள் இன்னும் சூடு இருந்தது.

"நல்ல கூப்பிடுதல்," என்றான் கெவின். பிறகு துவக்கைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "வீட்டில் எல்லாம் சரியா?" என்று கேட்டான்.

"ஓம், எல்லாம் சரி," என்றேன். ஓம் என்று தமிழில் சொன்னதை அவன் விளங்கிக்கொண்டான். பத்து வருடத்தில் பட்டறைக்கு நான் கொடுத்த ஒரே தமிழ்ச் சொல் அது. அதற்குப் பிறகு ஒன்றிரண்டு கூட்டம் வந்தது. எனக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

5

இரண்டு வாத்தோடு மோட்டர்வேயில் வீட்டுக்கு வந்தால், வாசலில் அன்ரனின் கார். அன்ரன் பிலோமினாவின் தம்பி. இங்கே கணக்காளர். நல்லவன், ஆனால் எந்தக் காரியத்தையும் கூட்டம் கூட்டித்தான் பேசுவான்.

"அத்தான், இருங்கோ. ஒரு நல்ல விசயம்."

மெல்பேர்ணிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறதாம். யாழ்ப்பாணத்து ஆட்கள், வேதக்காரர். மகன் எஞ்சினியர், குடி வெறி ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை திரும்பிப் போகிறார்கள். நாளைக்குப் பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்து மெற்றியைப் பார்க்கச் சம்மதம்.

"மெற்றிக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொன்னால் வருவாளே?" என்றாள் பிலோமினா. "பொடியன் வாற நேரம் பார்த்து அவளுக்கு எங்கையாலும் அலுவல் வந்திடும். எனக்குச் சுகமில்லை எண்டு சொல்லுங்கோ. நெஞ்சு நோகுது எண்டு. உடனை வருவாள்."

"நீயே சொல்லன்."

"அவள் என்ரை குரலை இப்ப நம்புறாளில்லை." அதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்கடை குரலெண்டால் நம்புவாள். நீங்கள் ஒரு நாளும் அவளுக்குப் பொய் சொன்னதில்லை."

"அது ஒரு பொய்யே அத்தான்?" என்றான் அன்ரன். "அக்காவுக்கு உண்மையாய் நெஞ்சு நோகாமலோ இருக்குது? வந்து ஒருக்கால் பொடியனைப் பார்த்திட்டால் பிறகு அவளுக்கே பிடிக்கும். இல்லாட்டி அவள் எங்களுக்கு இல்லை, சொல்லிப்போட்டன்."

நான் வாத்துகளை மேசைக்கு மேலேயே வைத்துக்கொண்டு நின்றேன். பிலோமினாவைப் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் பட்டறைக்குப் போய்விடுவேன். பகல் முழுக்க அந்த வீட்டில், மெற்றியின் அறைக்கு அடுத்த அறையில் இருக்கிறவள் அவள். கலியாணம் என்ற ஒன்று நடந்தால் மகள் திரும்ப எங்கள் ஆட்களுக்குள் வந்துவிடுவாள், ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பிவிடும் என்று அவள் நினைத்தாள். எனக்கும் மெற்றி வரவேண்டும். அதைவிட வேறு எதுவும் இந்த நாட்டில் எனக்கு வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு வரவேண்டும். ஆகவே மறுத்துச் சொல்லவில்லை. "பாப்பம்," என்றேன். எங்களுடைய "பாப்பம்" சம்மதம்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

6

ஞாயிறு பூசை முடிந்து வந்து பிலோமினா அடுப்படிக்குள் புகுந்தாள். வாத்துக்கறி, கட்லெற், ரோல்ஸ். சுகமில்லாத ஆள் மூன்று அடுப்பில் சமைத்தாள். இரண்டு மணியளவில் அன்ரன் வந்தான். மாப்பிள்ளை வீட்டார் தங்கியிருக்கும் இடத்துக்கு வீட்டுக்காரி நேரில் போய்க் கூப்பிடவேண்டும், ரெலிபோனில் சொன்னால் மரியாதையில்லை என்று பிலோமினாவும் சீலை மாற்றிக்கொண்டு அவனோடு வெளிக்கிட்டாள்.

"நாங்கள் வாறதுக்கு முன்னம் எடுத்துச் சொல்லிப்போடுங்கோ," என்றாள் காரில் ஏறும்போது. "பதட்டமாய்ச் சொல்லுங்கோ. நீங்கள் எல்லாத்தையும் செய்தி வாசிக்கிற மாதிரிச் சொல்லுவியள்."

கார் போனபிறகு ரெலிபோனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தேன். இங்கத்தைய ரெலிபோன் வட்டில் எண்கள் எங்கள் நாட்டுக்குத் தலைகீழாகப் போகும். பத்து வருடத்துக்குப் பிறகும் விரல் முதலில் பிழையான துளைக்குத்தான் போகிறது. சுற்றினேன். அந்தப் பக்கத்தில் மணி அடித்தது.

"ஹலோ, டில்லி ஸ்பீக்கிங்."

"மெற்றி, அப்பா."

"டாட்?" குரல் உடனே மாறியது. "என்ன? இஸ் மம் ஓகே?"

நான் ஒன்றும் சொல்லவில்லையே. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவளாகவே திரும்பிவிட்டாள். நான் இனி வாயைத் திறக்கவே தேவையில்லை. ஒரு மூச்சு இழுத்துவிட்டால் காணும், கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு ஓடிவருவாள். அரை மணி நேரத்தில் இந்தக் கதவடியில் நிற்பாள். அவள் வாசலில் நிற்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது. பின்னால் மெல்பேர்ண் ஆட்கள் தட்டில் கட்லெற்றோடு இருப்பதும் தெரிந்தது. அவள் முதலில் தாயைப் பார்ப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள்.

"டாட்? ஆர் யூ தெயர்?"

"அம்மா நல்ல சுகமாய் இருக்கிறா," என்றேன். "மெல்பேர்ணிலையிருந்து ஆக்கள் வந்திருக்கினம். உன்னைப் பொம்பிளை பாக்க. அம்மாவுக்குச் சுகமில்லை எண்டு சொல்லி உன்னைக் கூப்பிடச் சொன்னவை. இண்டைக்கு வராதை பிள்ளை."

மற்றப் பக்கத்தில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவள் அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு தமிழில் சொன்னாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய தமிழ்.

"அப்பா, அம்மா உங்களோட கோபிக்கும்."

"ஓம். நல்லாய்க் கோபிப்பா."

"அப்ப வாட் வில் யூ டூ?"

"சாப்பிடுவன். நிறையச் சமைச்சிருக்கிறா."

அதற்கு அவள் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பே போதுமாயிருந்தது. அதோடு ரெலிபோனை வைத்திருக்கலாம். ஆனால் அவள் வைக்கவில்லை.

"அப்பா, நீங்க தனியாவா இருக்கிறீங்க? யூ சவுண்ட் ஃபனி. நான் வரட்டா? அவங்கள் வாறதுக்கு முதல் கொஞ்ச நேரம். ஐ டோன்ற் மைண்ட்."

தகப்பனாய் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் இது விளங்கும். மெல்பேர்ண் மாப்பிள்ளைக்காக அல்ல, நெஞ்சு நோவுக்காக அல்ல, எனக்காக வரட்டுமா என்று கேட்கிறாள். ஓம் என்று ஒரு சொல். அது பொய்யும் இல்லை. வீட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. ஆனால் அவள் வந்து சேரும் நேரத்துக்குத்தான் அன்ரனின் காரும் வந்து சேரும். உண்மையைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அவள் வந்து இறங்கப்போவது அந்தத் தட்டுகளுக்கு நடுவில்தான்.

"தனியவோ? ஆர் சொன்னது? வீடு நிறைய ஆக்கள்," என்றேன்.

"ரியலி?"

கைக்கெட்டிய தூரத்தில் கசெற் ரேடியோ இருந்தது. மன்னாரிலிருந்து என் அக்கா பதிந்து அனுப்பிய கசெற் அதற்குள் கிடந்தது. கடிதம் எழுதப் பஞ்சி என்று வீட்டில் உள்ள எல்லோரும் சுற்றியிருந்து பேசிப் பதிந்தது. பொத்தானை அமத்திச் சத்தத்தைக் கூட்டிவிட்டேன். அத்தான் பேசுகிறார், அக்காவின் பிள்ளைகள் ஒருவருக்கு மேல் ஒருவர் கத்துகிறார்கள், யாரோ கோழியைத் துரத்துகிறார்கள்.

"கேக்குதே?" என்றேன்.

"வாவ். சவுண்ட்ஸ் லைக் எ பார்ட்டி," என்றாள். "ஓகே அப்பா. எனக்கும் கொஞ்சம் கறி வையுங்க. இன்னொரு நாள் வாறன்."

"ஓம் பிள்ளை."

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. அவள் வைத்துவிட்டாள்.

கசெற்றை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அது பாட்டுக்கு ஓடியது. பிள்ளைகளை அக்கா விரட்டிவிட்டு, பெட்டிக்குக் கிட்ட வந்து பேசத் தொடங்கினா. அவவுக்கு இந்தப் பெட்டியில் பதிகிற விசயம் இன்னும் பிடிபடவில்லை. ரெலிபோன் என்றே நினைத்துக்கொள்ளுவா. ஏதாவது கேட்டால், நான் பதில் சொல்வதற்காகப் பேசாமல் பொறுத்திருப்பா. கசெற்றின் பாதி அப்படி வெறும் இரைச்சலாகத்தான் இருக்கும். அதைச் சொல்லிப் பிலோமினாவும் நானும் எத்தனையோ தரம் சிரித்திருக்கிறோம்.

"தம்பி," என்றா அக்கா, "சாப்பிட்டியே?"

கேட்டுவிட்டுப் பொறுத்தா.

"இன்னும் இல்லை அக்கா," என்றேன்.

அவ இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்துவிட்டு, "சரி, சரி, நேரத்துக்குச் சாப்பிடு," என்று சொல்லி அடுத்த கதைக்குப் போனா.